கீமோ வார்டில் துணைக்கு இருப்பவர்

கேள்வி: மனைவிக்குக் கீமோதெரபி. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் நான் சும்மா உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கீமோ மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது தொற்று எளிதில் வரும் என்பதால் துணையாளின் முதல் வேலை, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. அடுத்தது, ஆப்பிள் பையோடு வரும் உறவினர் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துவது. (இரண்டாவதுதான் கடினம்.) காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே நர்ஸை அழைக்க வேண்டும். கைவசமுள்ள பாரசிட்டமாலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நாக்கில் உலோகச் சுவை தட்டினால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி உதவும். சாப்பாட்டைக் குவிக்காமல் கஞ்சி, இட்லி என்று அடிக்கடி கொஞ்சமாகக் கொடுப்பதே வயிற்றில் நிற்கும். வாரத்தில் இரண்டு இரவாவது மச்சினர் போன்ற ஒருவரைத் துணைக்கு வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.