மூன்றாம் வாயில்

ஒரு நகரம் உலகத்தோடு உறவு கொள்வதற்கு வாயில்கள் வேண்டும். சென்னை மாநகருக்கு முதலில் வாய்த்த வாயில் கடலாகும். துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு நெடுந்தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் பண்டங்களும் மசூலாப் படகுகளில் ஏறி, அலையோடு போராடிக் கரை சேர்ந்தனர். இத்துன்பம் நீங்கத் துறைமுகச் சுவர்கள் எழுப்பப்பட்டன. 1881ஆம் ஆண்டு அடித்த பெரும்புயல் அவற்றை உடைத்தெறிந்தது. எனினும் மனிதர் மனந்தளரவில்லை. அவற்றை மீண்டும் கட்டினர்.

இரண்டாம் வாயில் இருப்புப் பாதையாகும். 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி ஓடியது. அன்று எழுந்த இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் அவ்வரலாற்றுக்குச் சான்றாக நிற்கின்றது. இவ்வாறு கடல்வாயிலும் நிலவாயிலும் நகரின் வடபகுதியிலேயே திறந்தன. மூன்றாம் வாயிலோ வானில் திறந்தது. அதற்குச் சுவரும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மக்களின் நம்பிக்கை ஒன்றே அதன் நிலைக்கதவாயிற்று. அந்நம்பிக்கை எவ்வாறு பிறந்தது என்பதே இங்கு நாம் அறியவேண்டுவது.

வானில் பறக்கவேண்டும் என்னும் ஆசை மிகப் பழமையானது. சீவக சிந்தாமணியில் விசயை என்னும் அரசி மயிற்பொறி ஏறிப் பகைவரிடமிருந்து தப்பிச் செல்கின்றாள். புலவர் உள்ளத்தில் என்றோ பறந்த அப்பொறி மனிதர் கையில் உருப்பெற நெடுங்காலம் ஆயிற்று. 1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், அமெரிக்க நாட்டு ரைட் உடன்பிறந்தார் செய்த விமானம் முதன்முறை எழுந்தபோது, வானில் நின்ற நேரம் 12 விநாடிகளே.

அடுத்த ஏழாண்டுகளுக்குள் சென்னை மக்களும் அக்காட்சியைக் கண்டனர். டி ஏஞ்சலிஸ் என்னும் ஐரோப்பியர் சென்னையில் உணவு விடுதி நடத்திவந்தார். அவர் சிம்ப்சன் நிறுவனத்தின் தொழிற்கூடத்தின் துணைகொண்டு ஒரு விமானத்தை அமைத்தார். 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், துறைமுகத்துக்குத் தெற்கேயுள்ள தீவுத்திடலில் அதனைப் பறக்கவிட்டுக் காட்டினார். மக்கள் கட்டணம் செலுத்திக் கண்டு வியந்தனர். ஆயினும் அன்று அவர்கள் கண்டது ஒரு வேடிக்கை. தம் உயிரையோ உடைமையையோ அப்பொறியிடம் ஒப்படைக்க அவர்கள் எண்ணியிருப்பார்களா?

அடுத்த ஆண்டிலேயே அதற்கு ஒரு சிறு தொடக்கம் உண்டாயிற்று. 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி ஏறக்குறைய 6,500 கடிதங்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு யமுனையாற்றைக் கடந்து நைனிக்குச் சென்றார். கடந்த தொலைவு ஆறு மைல் அளவே. உலகில் அரசாங்க ஒப்புதலோடு நடந்த முதல் வான் அஞ்சல் என்று அது போற்றப்படுகின்றது. ஆயினும் அஃதும் ஒரு கண்காட்சியின் பகுதியாகவே நிகழ்ந்தது. நாள்தோறும் நம்பத்தக்க பணியாக வான்வழி மாறுவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் உலகப்போர் முடிந்தபின் விமானத் தொழில் வளர்ந்தது. 1925ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டி ஹாவிலண்டு நிறுவனத்தார் 'மாத்' என்னும் சிறு விமானத்தை உருவாக்கினர். மாத் என்பதற்கு விட்டில் என்பது பொருள். மரச்சட்டத்தின்மேல் துணியை இழுத்துப் போர்த்தி, அது விறைப்பாய் நிற்கும்படி ஒருவகைப் பூச்சுப் பூசியிருப்பர். ஒன்றன்மேல் ஒன்றாக இரு சிறகுகள். அவற்றைப் பின்னோக்கி மடக்கிச் சிறு கொட்டகையில் நிறுத்திவிடலாம். ஒருவர் பின் ஒருவராக இருவர் அமர இரண்டு இருக்கைகள். தலைக்கு மேல் கூரை இல்லை. மழையும் வெயிலும் காற்றும் முகத்தில் அறையும். இவ்வெளிய விமானமே பல நாடுகளில் மாணாக்கர்க்கு ஆசானாய் அமைந்தது.

1928ஆம் ஆண்டை ஒட்டி, இந்தியப் பெருநகரங்களில் விமானப் பயிற்சிக் கழகங்கள் தோன்றலாயின. அவற்றைத் தொடர்ந்து சென்னையிலும் ஒரு கழகம் அமைந்தது. பரங்கிமலையை அடுத்த மீனம்பாக்கத்துத் திடலில் அதன் விமானங்கள் எழுந்தன.

அங்குப் பயிலும் மாணாக்கர்க்கு முதற்பாடம் காற்றைப் பற்றியது. காசிமேட்டுக் கடற்கரையில் கட்டுமரம் தள்ளும் மீனவர், வீசுவது வாடையா கொண்டலா என்று முதலில் நோக்குவர். விமானியும் அவ்வாறே கம்பத்தில் கட்டிய துணிக்குழலைப் பார்த்துக் காற்றின் திசையை அறிவார். காற்றை எதிர்த்தே விமானம் எழவும் இறங்கவும் வேண்டும். எதிர்க்காற்று சிறகுகளைத் தாங்குவதால், தரையில் குறைந்த வேகத்திலேயே எழவும் இறங்கவும் இயலும். வானில் வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் சிறகுகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். விமானம் கல்போல் விழத் தொடங்கும். ஆதலின், 'வேகத்தைக் காத்துக்கொள்' என்பது மாணாக்கர் மறவாது போற்றவேண்டிய விதியாயிற்று.

ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே விமானத்தில் செல்வர். இருவர் முன்னும் இயக்கு கோல்கள் இருக்கும். பொறியின் இரைச்சலில் பேச்சுக் கேளாது. ஆகவே ஆசிரியர் ஒரு குழாயின் வழியே பேசுவார். மாணாக்கர் காதணியின் வழியே கேட்பார். கோலைத் தன்பால் இழுத்தால் மூக்கு உயரும். முன்னே தள்ளினால் தாழும். காலால் மிதித்தால் வால் திரும்பும். இவற்றைப் பழகியபின் ஒருநாள் ஆசிரியர் இறங்கிக்கொண்டு, "இனி நீரே சென்று வாரும்" என்பார். அத்தனிப் பறப்பே மாணாக்கர் வாழ்வில் மறக்கவொண்ணாத தேர்வாகும். அங்கே விடைத்தாளைத் திருத்தி எழுத இடமில்லை.

இவ்வாறு பம்பாயில் பயின்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், தம் இருபத்து நான்காம் வயதில் அவர் விமானி உரிமம் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பட்ட அவ்வுரிமத்தின் எண் ஒன்று. அதே ஆண்டில் ஆகாகான் ஒரு பரிசை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே முதன்முதலாகத் தனித்துப் பறக்கும் இந்தியர்க்கு 500 பவுன் பரிசு என்பது அவ்வறிவிப்பு. மன்மோகன் சிங், ஆஸ்பி எஞ்சினியர், டாட்டா ஆகிய மூவர் அம்முயற்சியில் முனைந்தனர்.

1930ஆம் ஆண்டு ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். அவருக்கு வயது பதினேழு. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். எகிப்து நாட்டில் அலெக்சாண்டிரியாவை அடுத்த அபுகீர் என்னும் இடத்தில் டாட்டா இறங்கியபோது, அங்கே ஆஸ்பியின் விமானம் நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் 'ஸ்பார்க் பிளக்' என்னும் சிறு கருவிகள் இல்லாமையால் அவர் மேலே செல்ல இயலாது தவித்தார். டாட்டா எதுவும் கூறாது தம் வழியே போயிருக்கலாம். பரிசு அவருக்கே கிட்டியிருக்கும். ஆனால் அவர் தம்மிடம் மிகுதியாய் இருந்த கருவிகளைப் போட்டியாளருக்கு அளித்தார். ஆஸ்பி நன்றி பாராட்டித் தம்முடைய உயிர்காப்பு மிதவைச் சட்டையை அவருக்குக் கொடுத்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் பறந்தனர். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி முந்தினார். பரிசும் அவரையே சேர்ந்தது. பிற்காலத்தில், 1960 முதல் 1964 வரை, அவர் இந்திய விமானப் படையின் தலைவராக விளங்கினார்.

டாட்டா இழந்தது ஒரு பரிசு. அவர் வெளிப்படுத்தியதோ வான்வழிக்கு இன்றியமையாத பண்பு. வானில் பறப்பவர் ஒருவரையொருவர் காவாவிடின், அவ்வழி நிலைபெறுவது எங்ஙனம்?

அக்காலத்தில் இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தார் இலண்டனிலிருந்து கராச்சி வரை விமானத்தில் அஞ்சல் கொண்டுவந்தனர். இச்சேவை 1929இல் தொடங்கியது. கராச்சியிலிருந்து தென்னாட்டுக்கு அக்கடிதங்கள் விரைந்து வர வழியில்லை. பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றிய நெவில் வின்சென்ட் என்பவர் இக்குறையை உணர்ந்தார். கராச்சியிலிருந்து சென்னை வரை வான் அஞ்சல் நடத்தும் திட்டம் ஒன்றை அவர் டாட்டா நிறுவனத்தார் முன் வைத்தார். அரசாங்கத்தின் இசைவு எளிதில் கிட்டவில்லை. 1932ஆம் ஆண்டிலேதான் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் காலையில், டாட்டா கராச்சியிலிருந்து 'பஸ் மாத்' என்னும் விமானத்தில் தனியே புறப்பட்டார். அஃது ஒற்றைச் சிறகு வரிசையும் மூடிய அறையும் ஒரே பொறியும் கொண்டது. அதில் இருந்த அஞ்சல் ஏறக்குறைய 25 கிலோ எடையுடையது. அகமதாபாத்தில் இறங்கியபோது, அவருக்கு வேண்டிய பெட்ரோல் தகர டின்களில் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. உலகின் மிகப் புதிய ஊர்தி மிகப் பழைய ஊர்தியின் உதவியால் மேலே எழுந்தது! பிற்பகலில் அவர் பம்பாயின் ஜுகுத் திடலில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் அஞ்சலைப் பெற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். சென்னையின் மூன்றாம் வாயில் திறந்தது.

அன்று திடலில் திரண்டு காணத்தக்க வேடிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிறு விமானமும் ஒரு கடிதப் பையுமே வந்தன. ஆனால் அப்பையிலுள்ள ஒவ்வொரு கடிதமும் யாரோ ஒருவர் அச்சிறு பொறியை நம்பி ஒப்படைத்தது. அந்நம்பிக்கையைக் காப்பது எளிதன்று. விமானத்தில் வானொலி இல்லை. தரையில் வழிகாட்டும் விளக்குகள் இல்லை. திசைகாட்டியும் நிலப்படமும் விமானியின் கண்களுமே துணை. ஆறுகளையும் இருப்புப் பாதைகளையும் கடற்கரைக் கோட்டையும் அடையாளமாகக் கொண்டு அக்கால விமானிகள் பறந்தனர். மழைக்காலத்தில் ஜுகுத் திடல் நீரில் மூழ்கிவிடும். அப்போது பூனாவிலிருந்து பணி நடத்தவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின்மேல் முகில் கவிந்து வழியை மறைக்கும்.

இவ்வளவு இடர்களுக்கு இடையிலும் அஞ்சல் காலந்தவறாது சென்றது. மழைக்காலத்திலும் நேரந் தவறாமை முழுமையாய் இருந்ததென அரசாங்க விமானத் துறையே பாராட்டியது. முதலாண்டிலேயே அச்சிறு நிறுவனத்தின் விமானங்கள் 1,60,000 மைல் பறந்தன. 155 பயணிகளும் சென்றனர். கடிதத்தை ஒப்படைத்த மக்கள் தம்மையே ஒப்படைக்கத் தொடங்கினர் என்பதை இவ்வெண் காட்டுகின்றது.

சென்னைக் கழகமும் இம்முயற்சியில் தன் பங்கை ஆற்றியது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், அதன் தலைமைப் பயிற்சியாளராகிய டிண்டேல் பிஸ்கோ ஒரு பஸ் மாத் விமானத்தில் கடல் கடந்து சென்று, கொழும்பை அடுத்த இரத்மலானைத் திடலில் இறங்கினார். அத்திடலில் இறங்கிய முதல் விமானம் அதுவே. 1938இல் டாட்டா நிறுவனத்தாரின் அஞ்சல் வழியும் திருச்சிராப்பள்ளியைத் தொட்டுக் கொழும்பு வரை நீண்டது.

பெண்டிரும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1936ஆம் ஆண்டில் சரளா தக்ரால் என்னும் நங்கை, தம் இருபத்தோராம் வயதில் சேலை உடுத்தவாறே இலாகூரில் ஜிப்சி மாத் விமானத்தைத் தனியே ஓட்டினார். நாடு விடுதலை பெற்றபின், 1951இல், உஷா சுந்தரம் தம் கணவரோடு சேர்ந்து இலண்டனிலிருந்து பம்பாய் வரை 'டவ்' விமானத்தை ஏறக்குறைய 27 மணி நேரத்தில் கொண்டுவந்தார். அவ்விமானம் சென்னை அரசாங்கத்துக்காக வாங்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது நகரின் வடபகுதியும் விமானங்களைக் கண்டது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பரப்பில் பறக்கும் படகுகள் இறங்கின. சோழவரத்தில் ஓடுபாதை அமைந்தது. கடலுக்கும் இருப்புப் பாதைக்கும் வாயிலாயிருந்த வடசென்னை, இவ்வாறு சிறிது காலம் வானுக்கும் வாயிலாயிற்று. அஞ்சல் வழிக்கு வித்திட்ட வின்சென்ட் அப்போரிலேயே, 1942ஆம் ஆண்டு, வானில் உயிர் நீத்தார். அவர் தொடங்கிவைத்த பணியோ நிற்கவில்லை. அச்சிறு நிறுவனம் 1946இல் 'ஏர் இந்தியா' என்னும் பெயர் பெற்றுக் கடல் கடந்த நாடுகளுக்கும் சிறகு விரித்தது.

இன்று இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ நிற்கும் ஒருவர் தலைக்கு மேல் செல்லும் விமானத்தை நிமிர்ந்து பார்ப்பதும் அரிது. வேடிக்கையாய்த் தோன்றியது அன்றாடப் பணியாய் மாறிவிட்டது. இம்மாற்றத்தை உண்டாக்கியது துணிவு ஒன்று மட்டுமன்று. ஆசிரியர் சொல்லைக் குழாயின் வழியே கூர்ந்து கேட்ட மாணாக்கரின் பொறுமை, போட்டியாளருக்குக் கருவி ஈந்த பெருந்தன்மை, மாட்டு வண்டியில் பெட்ரோல் கொணர்ந்தவரின் உழைப்பு, ஒரு கடிதமும் காலந்தாழ்த்தலாகாது என்ற கடமையுணர்வு ஆகிய இவை யாவும் சேர்ந்தே அவ்வாயிலைத் திறந்தன. புயல் உடைத்த துறைமுகச் சுவரை மீண்டும் கட்டியவர்களின் உறுதியும் இத்தகையதே. பிறர் நம்பி ஒப்படைத்ததைப் பழுதின்றிக் கொண்டு சேர்ப்பவரே புதிய வாயில்களைத் திறக்க வல்லவர் என்பதை மாணவர் உள்ளத்திற் கொள்வாராக.