பழைய வெர்ஷனுக்குத் திருத்தம் கொண்டுபோவது எப்படி?

2025 ஜூன் 1 முதல் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. பில் எண்ணில் வரும் ஆங்கில எழுத்துகளைச் சின்ன எழுத்தில் அனுப்பினாலும் பெரிய எழுத்தில் அனுப்பினாலும், போர்ட்டல் அவற்றைப் பெரிய எழுத்தாக மாற்றிக்கொண்ட பிறகுதான் ஐ.ஆர்.என். என்ற பதிவு எண்ணை உருவாக்கும். பில்லிங் மென்பொருளின் புது வெர்ஷன் வைத்திருப்பவருக்கு இது ஒரு அப்டேட்டோடு முடிந்துவிடும். ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பட்டறைகளிலும் எல்லாரும் புது வெர்ஷனில் இல்லை.

1964-ல் உருவான பேட்டை அது. லேத், மில்லிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று ஜாப் ஒர்க் செய்யும் சிறு நிறுவனங்கள், பாடியில் இருக்கும் வாகன உதிரிபாக ஆலைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் என்று பலரும் அங்கே இருக்கிறார்கள். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் தொடங்கியபோது 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும்தான் கட்டாயம். வரம்பு படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1-ல் 5 கோடிக்கு வந்தது. அன்றைக்குத்தான் சின்னப் பட்டறைகளும் இதற்குள் வந்தன. அவர்களுக்கு வெர்ஷன் மாற்றுவது என்றால் புது சர்வர், புது பில் ஃபார்மட், கணக்குப் பார்க்கிறவருக்கு மறுபடியும் பயிற்சி, இத்தனையும் சேர்ந்த செலவு. அவர்களிடம் "அப்கிரேட் பண்ணிக்கோங்க" என்று சொல்லிக் கைகழுவுவது நியாயமில்லை. பணம் வாங்கிக்கொண்டு நாம் கொடுத்த மென்பொருள் அது. அதில் சட்டப்படி பில் போட முடியவில்லை என்றால் பொறுப்பு நம்முடையது.

அதற்கான வழிதான் பேக்போர்ட்: புது வெர்ஷனில் செய்த திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய ரிலீஸ் பிராஞ்சில் சேர்ப்பது. கிட் கட்டளையாகப் பார்த்தால் ஒற்றை வரி. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவைதான் வேலை.

தேவையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 28 சதவீதத்தில் இருந்த வாகன உதிரிபாகங்கள் 18-க்கு வந்தன. இதற்கு பேக்போர்ட் வேண்டுமா? விகிதம் ஐட்டம் மாஸ்டரிலோ வரி டேபிளிலோ இருந்தால் வேண்டாம். டேட்டாவை மாற்றினால் போதும். கோடில் கை வைக்கவே கூடாது. யாரோ ஒருவர் 28 என்ற எண்ணை நேரடியாகக் கோடில் எழுதிவைத்திருந்தால் மட்டுமே திருத்தம் தேவை. அப்போதும் 28-ஐ அழித்து 18 என்று எழுதாதீர்கள். டேபிளிலிருந்து படிக்கும்படி மாற்றுங்கள்.

கோடைத்தான் மாற்ற வேண்டும் என்றால், எதைச் சேர்க்கலாம் என்பதற்கு லினக்ஸ் கெர்னலின் ஸ்டேபிள் பிராஞ்ச் விதிகள் நல்ல அளவுகோல். திருத்தம் ஏற்கெனவே மெயின் பிராஞ்சில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிக்குள் இருக்க வேண்டும். சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். உண்மையில் யாரையாவது பாதிக்கும் பிழையைச் சரிசெய்ய வேண்டும். பில்லிங் மென்பொருளுக்கு நான் இப்படிச் சுருக்குவேன்: தொகை தப்பாக வருகிறதா, சட்டச் சிக்கல் வருமா, டேட்டா அழியுமா, பாதுகாப்பு ஓட்டை உண்டா? நான்கில் ஒன்றுக்கு ஆம் என்றால் செய்யுங்கள். புது ரிப்போர்ட், புது பட்டன் எல்லாம் வேண்டாம். "அப்படியே இதையும் சேர்த்துக் கொடுத்திடுங்க சார்" என்று வாடிக்கையாளர் கேட்பார். கேட்டதையெல்லாம் சேர்த்தால், பழைய பிராஞ்ச் யாருக்கும் புரியாத மூன்றாவது வெர்ஷனாகிவிடும்.

அடுத்து, அந்தப் பிழை பழைய பிராஞ்சில் இருக்கிறதா என்று பாருங்கள். கிட் பிளேம், கிட் பைசெக்ட் இரண்டையும் வைத்துப் பிழையை உள்ளே கொண்டுவந்த கமிட்டைக் கண்டுபிடியுங்கள். பிறகு "கிட் டேக் --கன்டெய்ன்ஸ்" கொடுத்தால் எந்தெந்த ரிலீஸில் அது இருக்கிறது என்று பட்டியல் வந்துவிடும். பழைய பிராஞ்ச் பிரிந்த பிறகு நுழைந்த பிழை என்றால் அந்தப் பிராஞ்சுக்கு வேலையே இல்லை. அங்கே வராத பிழைக்குத் திருத்தம் சேர்த்து புதுப் பிழையை உண்டாக்குவது அடிக்கடி நடக்கிறது.

மேலிருந்து கீழே

முதலில் மெயின் பிராஞ்சில் சரிசெய்யுங்கள். பிறகு வெர்ஷன் 15, பிறகு 14, பிறகு 13 என்று இறங்குங்கள். அவசரத்தில் 13-ல் மட்டும் சரிசெய்துவிட்டு மேலே சேர்க்காமல் விட்டால், அந்த வாடிக்கையாளர் பின்னால் 14-க்கு மாறும் நாளில் சரிசெய்த பிழை திரும்ப வரும். காசு கொடுத்து அப்கிரேட் செய்தவரிடம் அதற்கு விளக்கம் சொல்லவே முடியாது.

ரிலீஸ் பிராஞ்சிலேயே நேரடியாக வேலை செய்யாதீர்கள். அதிலிருந்து தனி பிராஞ்ச் ஒன்று எடுங்கள். "கிட் ஒர்க்ட்ரீ" கொண்டு பழைய வெர்ஷனைத் தனி ஃபோல்டரில் திறந்துவைத்தால், இரண்டு வெர்ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பிறகு "கிட் செர்ரி-பிக் -எக்ஸ்". அந்த எக்ஸ் முக்கியம். எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்ற குறிப்பைக் கமிட் செய்தியின் அடியில் அதுவே எழுதிவைக்கும். இரண்டு வருஷம் கழித்து, இந்தத் திருத்தம் 13-க்குப் போனதா என்று யாராவது கேட்டால், லாகில் தேடி உடனே பதில் சொல்லலாம். கமிட்கள் பல என்றால் பழையதிலிருந்து புதியதை நோக்கி எடுங்கள். மெர்ஜ் கமிட் என்றால் எந்தப் பக்கத்தை அடிப்படையாகக் கொள்வது என்பதை "-எம் 1" என்று குறிப்பிட்டாக வேண்டும்.

கான்ஃப்ளிக்ட் வந்தாலும், வராவிட்டாலும்

பழைய கோடும் புதுக் கோடும் பொருந்தாதபோது என்ன செய்வது என்பதற்கு, மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளின் கதை நல்ல பாடம். வெர்ஷன் 13 வரை இந்தியாவின் ஜி.எஸ்.டி. கோடு அந்த மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. 14-லிருந்து அதை வெளியே எடுத்து, இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற தனி ஆப் ஆக்கிவிட்டார்கள். எனவே தனி ஆப்பில் செய்த இ-இன்வாய்ஸ் திருத்தத்தை 13-க்குக் கொண்டுவர செர்ரி-பிக் உதவாது, ரெப்போவே வேறு. திருத்தம் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு பழைய கோடின் நடையிலேயே கையால் எழுத வேண்டும். கமிட் செய்தியில் மூலக் கமிட்டின் எண்ணையும் நீங்களே எழுதிவையுங்கள். புதுக் கோடின் அமைப்பு அழகாக இருக்கிறதே என்று அதையும் சேர்த்து இழுத்துவராதீர்கள். அந்த ரீஃபேக்டரிங் பழைய பிராஞ்சில் சோதிக்கப்பட்டதே இல்லை.

ஈஆர்பிநெக்ஸ்டை உருவாக்கும் ஃப்ராப்பே குழு, புல் ரிக்வெஸ்டில் பேக்போர்ட் லேபிள் ஒட்டினால் போட் என்ற தானியங்கி நிரலே பழைய பிராஞ்சுக்கு எடுத்துப்போகும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. திருத்தங்கள் நிறைய வரும் இடத்தில் இது நல்ல வசதி. ஆனால் கான்ஃப்ளிக்ட் இல்லை என்று போட் சொன்னால், வரிகள் பொருந்தின என்று மட்டும்தான் அர்த்தம். பொருள் பொருந்தியதா என்று மனிதர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது கான்ஃப்ளிக்ட் வராத பேக்போர்ட்டுக்குத்தான். ஜூன் 1 மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். ஐ.ஆர்.என். என்பது விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படும் 64 இலக்க ஹேஷ். ஓர் எழுத்து சின்னதிலிருந்து பெரியதானாலும் ஹேஷ் முழுக்க மாறிவிடும். நம் மென்பொருள் தானும் அந்த ஹேஷைக் கணக்கிட்டுப் போர்ட்டல் தந்ததோடு ஒப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் எண் சின்ன எழுத்தில் இருந்தால் இரண்டும் பொருந்தாது. பதிவான பில்லையும் "பதிவாகவில்லை" என்று மென்பொருள் காட்டும்.

புது வெர்ஷனில் திருத்தம் ஒரே வரி: ஹேஷ் போடும் ஃபங்ஷனில் பில் எண்ணைப் பெரிய எழுத்தாக மாற்றுவது. பழைய பிராஞ்சிலும் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. செர்ரி-பிக் சத்தமில்லாமல் போய் உட்காரும். ஒரு பில் போட்டுப் பார்த்தால் சரியாக வரும். ஆனால் பழைய வெர்ஷனில், மொத்தமாகப் பில் ஏற்றும் பகுதி ஹேஷைத் தனியாகக் கணக்கிடுகிறது. இரண்டையும் ஒன்றாக்கியது பிற்பாடு, புது வெர்ஷனில்தான். மாதக் கடைசியில் நூறு பில்லை ஒரே தடவை ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் செர்ரி-பிக் முடிந்ததும் பழைய பிராஞ்சில் "கிட் கிரெப்" போட்டு, அதே வேலையைச் செய்யும் வேறு இடங்கள் உண்டா என்று தேடுங்கள். ஜூன் 1-க்கு முன் பதிவான பில்களின் ஐ.ஆர்.என்.-ஐ மறுபடி கணக்கிடும் வழி எங்காவது திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேமித்து வைத்த எண்ணைத் தொடக் கூடாது.

டேபிள் அமைப்பை மாற்றும் திருத்தத்தைக் கூடுமானவரை பழைய பிராஞ்சுக்கு எடுக்காதீர்கள். டேட்டாவைத் திருத்தும் பேட்ச் ஒன்றை எடுத்தே தீர வேண்டும் என்றால், அதை இரண்டாவது தடவை ஓட்டினாலும் கெடுதல் வராதபடி எழுதுங்கள். ஃப்ராப்பேயில் ஓடி முடிந்த பேட்சின் பெயர் பேட்ச் லாகில் பதிவாகும். பெயர் ஒன்றாக இருந்தால் அப்கிரேடின்போது மறுபடி ஓடாது. பழைய பிராஞ்சில் வேறு பெயர் வைத்திருந்தால் புது வெர்ஷனில் மறுபடி ஓடும்.

பழைய வீட்டிலேயே சோதியுங்கள்

முதலில் திருத்தம் இல்லாத பழைய பிராஞ்சில் டெஸ்டை ஓட்டுங்கள். அது தோற்க வேண்டும். தோற்காத டெஸ்ட் எதையும் நிரூபிக்காது. பிறகு திருத்தத்தைச் சேர்த்து ஓட்டுங்கள். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பைதானில் ஓட்டினால் போதாது. பட்டறையின் சர்வரில் உபுண்டு 20.04 இருந்தால் அதோடு வருவது பைதான் 3.8. புதுக் கோடில் இருக்கும் "ரிமூவ்பிரிஃபிக்ஸ்" 3.9-ல் வந்தது, "மேட்ச்" 3.10-ல் வந்தது. இரண்டுமே அங்கே ஓடாது. வாடிக்கையாளரின் அனுமதியோடு அவர் டேட்டாபேஸின் நகலை எடுத்து, போர்ட்டலின் சோதனைத் தளத்தை மட்டும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். நகலிலிருந்து தப்பித் தவறி நிஜப் போர்ட்டலுக்குப் பில் போய்விட்டால் பெரிய வம்பு.

எந்த நாளில் போடுவது என்பதும் முக்கியம். மாதம்தோறும் ரிட்டர்ன் போடுகிறவருக்கு 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி. அந்தத் தேதிகளை ஒட்டிக் கை வைக்காதீர்கள். மாதக் கடைசியில் சரக்கு லாரியில் ஏறிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம். அந்தப் பகுதியில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றைக்கு என்று முதல் நாள் பேப்பரைப் பாருங்கள். மைக்ரேஷன் பாதியில் நிற்க, யு.பி.எஸ். தீர்ந்துபோன சர்வர் ஒன்று போதும். பேக்கப் எடுத்து, அதை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து திறக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். முடிந்ததும் வெர்ஷன் எண்ணின் கடைசி இலக்கத்தை ஏற்றி, ரிலீஸ் குறிப்பில் கணக்குப் பார்க்கிறவருக்குப் புரியும்படி ஒரு வரி எழுதுங்கள்: "பில் எண் சின்ன எழுத்தில் இருந்தாலும் ஐ.ஆர்.என். இனி சரியாகப் பொருந்தும்." அவரைப் போனில் கூப்பிட்டும் சொல்லிவிடுங்கள்.

பழைய பிராஞ்சை எத்தனை நாள் பார்த்துக்கொள்வீர்கள் என்பதைத் தேதியாகவே அறிவியுங்கள். அடுத்த பட்ஜெட்டில் அப்கிரேடுக்குப் பணம் ஒதுக்க முதலாளிக்கு அவகாசம் கிடைக்கும். எந்த வாடிக்கையாளரிடம் எந்த வெர்ஷன், எந்த பைதான், கடைசியாகப் போன திருத்தம் எது என்ற பட்டியல் உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால், அடுத்த சட்ட மாற்றம் வருவதற்குள் அதைத் தயார்செய்துவிடுங்கள்.