போர்டு மாட்டும் முன்

தஞ்சை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ மன்னார்குடியிலோ கிளினிக் திறக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு இது. புது மருந்துகள் பற்றி உங்களுக்கு என்னைவிடக் கூடவே தெரியும். வழக்கைப் பற்றிப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி.

1. இண்டெம்னிட்டி பாலிசி எடுக்காமல் முதல் ஊசியைப் போடாதீர்கள். சம்பா நட்ட கையோடு சிட்டா, அடங்கலை எடுத்துக்கொண்டு பயிர்க் காப்பீட்டுக்கு வரிசையில் நிற்கும் வீட்டுப் பிள்ளைகள் நீங்கள். பிரீமியம் கட்டுவது புதிதல்ல. ஆனால் பயிருக்கு அந்தந்தப் பருவத்துக்குக் கட்டினால் தீர்ந்தது. இங்கே பெரும்பாலான பாலிசிகள் வேறு மாதிரி. சிகிச்சை தந்த நாளில் பாலிசி இருந்தால் போதாது, புகார் வரும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தால் முந்தைய வருடங்களின் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடலாம். கம்பெனி மாறினால், பழைய பாலிசி தொடங்கிய தேதியைப் புதியதில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம் கெடு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரமும் உண்டு. ஆகவே தொழிலை விட்ட பிறகும் சில வருடம் கட்டுங்கள்.

2. ஏஜெண்ட் சொல்வதை மட்டும் கேட்காமல் பாலிசியைப் படியுங்கள். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று இரண்டு தொகை இருக்கும். கிரிமினல் வழக்கில் விதிக்கும் அபராதம், குடித்துவிட்டுச் செய்த வைத்தியம், தகுதிக்கு மீறிய வைத்தியம் எதற்கும் பணம் வராது. பத்துப் படுக்கை போட்டு நர்சிங் ஹோம் ஆக்கினால் உங்கள் தனிப் பாலிசி அதற்குக் காணாது. மருத்துவமனைக்கென்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும்.

3. “நான் என்ன கடையா நடத்துகிறேன்?” என்று கோபப்பட்டுப் பயனில்லை. 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மருத்துவத்தையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2019 சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லையே என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். 2022-இல் அதுவும் முடிந்தது. காப்பீட்டு நிறுவனம் கட்டணம் தந்தால் அந்த நோயாளி இலவச நோயாளி இல்லை, அவரும் நுகர்வோர்தான், நினைவிருக்கட்டும்.

4. கையெழுத்து. நம் ஊர்ப் பக்கத்தில் நோயாளி படுத்திருப்பார், மாமாவோ மச்சானோ பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவருக்கு அது செல்லாது. டெல்லி வழக்கொன்றில், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே நின்ற தாயிடம் கேட்டுக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லை. தாயின் சம்மதம் சம்மதமல்ல என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அச்சடித்த ஆங்கிலப் படிவம் வேண்டாம். என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைத் தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, வாசித்தது யார் என்பதையும் எழுதுங்கள்.

5. குறிப்பு எழுதக் கற்க வெளியூர் போக வேண்டியதில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளுக்கு எழுதிவைத்த தாள்களும் வரைந்த வண்ணப் படங்களும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அந்தக் காலத்திலேயே எழுத நேரம் இருந்திருக்கிறது. அறுப்புக் காலத்து இரவில் வயலிலிருந்து பாம்புக்கடி வரும். கடித்தது எப்போது, வந்தது எப்போது, கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் இருபது நிமிடத்தில் உறைந்ததா, விஷமுறிவு மருந்து எத்தனை மணிக்கு, எத்தனை குப்பி, என்ன பேட்ச் எண், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது எத்தனை மணிக்கு: இவை தாளில் இருந்தால் இரண்டு வருடம் கழித்தும் அது உங்களுக்காகப் பேசும். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால், அப்படி எழுதியதாகவே தேதி போடுங்கள். உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்; கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும்.

6. செய்ததற்கு மட்டுமா வழக்கு? 1996-இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை கெடக்கூடும். சோதிக்கவும் இல்லை, சோதிக்கச் சொல்லிப் பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போயிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது சுமார் 1 கோடியே 80 லட்சம். டிஸ்சார்ஜ் தாளில் “எந்த மருத்துவரிடம், எந்தத் தேதிக்குள், எதற்காக” என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

7. நோட்டீஸ் வந்தால் அன்றே பாலிசிக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் பதில் போட 30 நாள், மேலே 15 நாள். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இல்லை என்று 2020-இல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. இதற்கிடையில் ஊர்ப் பெரியவர் ஒருவரும் கட்சிக்காரர் ஒருவரும் “பேசி முடிச்சுடலாம் டாக்டர்” என்று வருவார்கள். காபி கொடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். கம்பெனியைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொண்டாலோ தொகை பேசினாலோ பாலிசி கைவிரித்துவிடும். ஆனால் துக்க வீட்டாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை எந்தப் பாலிசியும் தடுக்காது. முதல் நாள் டாக்டர் ஒளிந்துகொண்ட கோபம்தான் பல வீடுகளிலிருந்து வக்கீலிடம் போகிறது என்பது என் எண்ணம்.

8. போலீஸ். சாதாரணக் கவனக்குறைவு கிரிமினல் குற்றமல்ல, மிகக் கடுமையாக இருக்க வேண்டும். வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்தைப் பெறாமல் மேலே போகக் கூடாது. வழக்கமாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. நகலை மேசையிலேயே வையுங்கள். ஆஸ்பத்திரியை அடித்து நொறுக்குவோருக்குத் தமிழ்நாட்டின் 2008 சட்டத்தில் மூன்று முதல் பத்து வருடம் வரை சிறை.

9. கடைசியாகச் சட்டத் திருத்தம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில், கவனக்குறைவால் மரணம் என்றால் மற்றவர்களுக்கு ஐந்து வருடம் வரை, சிகிச்சையின்போது நேர்ந்தால் மருத்துவருக்கு இரண்டு வருடம் வரை. முழு விலக்கு கேட்கிறார்கள் நம்மவர்கள். எனக்கு உடன்பாடில்லை, லாரி ஓட்டுநருக்கு இல்லாத விலக்கு நமக்கு எதற்கு? கேட்க வேண்டியது வேறு. சாலை விபத்தில் இறந்தால் யார் தவறு என்று நிரூபிக்காமலே ஐந்து லட்சம் கேட்க நம் மோட்டார் சட்டத்தில் வழியிருக்கிறது. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயத்துக்கு அப்படித்தான், இப்போது சிகிச்சையால் வரும் காயத்துக்கும் சேர்த்து. இங்கேயும் தவறை நிரூபிக்காமலே சிகிச்சைக் காயத்துக்கு இழப்பீடு தரும் நிதி ஒன்று வந்தால் திருத்துறைப்பூண்டி கூலித் தொழிலாளி ஆணையத்துக்கு வருடக்கணக்கில் அலைய வேண்டாம், நீங்களும் அலைய வேண்டாம். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மருந்துக் கம்பெனி விருந்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு தீர்மானமாவது எழுதிவிடலாம்.