தஞ்சைக் கலைக்கூடத்தில் ஒரு திருமேனி

தஞ்சை அரண்மனையில் 1951ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கலைக்கூடத்திற்குச் செல்லும் மாணவர் பலர், கால் மணி நேரத்தில் அனைத்தையும் பார்த்துவிட்டதாக எண்ணி வெளியேறுகின்றனர். யாம் அங்குள்ளவற்றுள் ஒன்றனையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

அது திருவெண்காட்டினின்று வந்த ரிஷபவாகன தேவரின் செப்புத் திருமேனி. இராஜராஜ சோழன் காலத்தில், 1011ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றதென அவ்வூர்க் கோயிற் கல்வெட்டால் அறிகின்றோம். உடன் நிற்கும் தேவியின் திருமேனி அடுத்த ஆண்டினது. பாம்புகள் பின்னிய சடை, தலைப்பாகைபோற் சுற்றப்பட்டுள்ளது. ஒரு காலை மற்றொன்றன் குறுக்கே வைத்து, ஒரு கையை விடையின்மேல் ஊன்றி நிற்கும் நிலை. ஆனால் விடை இல்லை. மண்ணுள் நெடுங்காலம் மறைந்திருந்த திருமேனிகள் கிடைத்தபோது அது மட்டும் கிடைத்திலது. எனினும், வெறுவெளியில் தங்கிய அக்கையைச் சற்றுநேரம் நோக்குக. விரல்களின் தளர்வும் உடலின் சாய்வும், அங்கே நின்ற விலங்கின் உயரத்தையும் அதன்பால் அவர் கொண்ட உரிமையையும் உணர்த்திவிடும். சிற்பியின் திறனுக்கு இதனினும் வேறு சான்று யாம் வேண்டிலம்.

மெழுகில் உருவமைத்து, மண் பூசிச் சுட்டு, உருகிய மெழுகு ஒழிந்த இடத்தில் உலோகம் வார்த்து, கருவை உடைத்து எடுப்பதே அம்முறை. கரு உடைந்துபோதலின் ஒரு திருமேனிக்கு இரட்டை கிடையாது. சுவாமிமலைத் தபதிகள் இன்றும் இவ்வாறே வார்க்கின்றனர்.

கோயிலில் இத்தகைய திருமேனியைப் பட்டும் மலரும் மறைக்கும். அடியார் முகமும் கையுமே காண்பர். கலைக்கூடத்தில் முழுவடிவும் தெரிகின்றது. விளக்கும் வீதியுலாவும் இல்லை. சிற்பம் பயில்வார்க்கு இஃது ஊதியமே. ஆயினும் இது காட்சிக்கென வார்க்கப்பட்டதன்று என்பதை மறந்து பார்ப்போர், பாதியே பார்த்தவராவர்.

வெளியே வந்தபின் வயிற்றையும் கவனித்தல் வேண்டுமன்றோ? வாழையிலைச் சோற்றின்மேல் வார்க்கும் சாம்பார், இவ்வரண்மனையிலிருந்து ஆண்ட மராத்தியரின் அடுக்களையிற் பிறந்ததென்பர். சான்று தேடுவார் தேடுக. யாம் இரண்டாமுறையும் வார்க்கச் சொன்னோம்.

பிற்பகலில் சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள சுவார்ட்ஸ் ஐயர் ஆலயத்திற்குச் செல்லலாம். 1798இல் காலமான அம்மிஷனெரியின் நினைவாகச் சரபோஜி மன்னர், ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த சலவைக்கற் சிற்பம் அங்குள்ளது. மரணப்படுக்கையிற் கிடக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றி நிற்கின்றார். செப்பைக் கண்ட அன்றே இதனையும் காண்பது நன்று.

பொழுதிருப்பின் பேருந்தேறித் திருவையாறு செல்க. பாசிப்பருப்பாலாகிய அசோகா என்னும் இனிப்பு அவ்வூர்க்கே உரியது. சூடாக உண்ணல் வேண்டும்.