புறக்கடைத் தோட்டத்திற்கேற்ற ரகங்கள்

கிணற்றடியிலும் புறக்கடையிலும் வீணாக ஓடும் ஜலத்தைக் கொண்டு ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறிகளில் பெரும்பகுதியை விளைவித்துக்கொள்ளக் கூடும். ஆயினும் அநேகர் கைக்குக் கிடைத்த விதையை ஊன்றிவிட்டு, பின்னர் கொடி காய்க்கவில்லையென்றும் காய் கசக்கிறதென்றும் குறைகூறுகின்றனர். குற்றம் பல சமயங்களில் மண்ணினுடையதன்று. ரகத்தைத் தெரிந்தெடுத்ததில் உள்ளது.

அவரையை எடுத்துக்கொள்க. பந்தல் அவரை பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பூக்கும் தன்மையுடையது. ஆடியில் ஊன்றியது மார்கழி, தை மாதங்களில் பந்தல் நிறையக் காய்க்கும். அதனையே மாசியில் ஊன்றினால் இலையும் கொடியுமாகத் தழைக்குமேயன்றி, பகல் மீண்டும் குறுகும் வரையில் காய் காணாது. கோடையிலும் அவரை வேண்டுவோர் குத்து அவரையை விதைக்கவேண்டும். அதற்குப் பந்தற் செலவும் இல்லை.

முருங்கையில் போத்து நட்டு வளர்ப்பது பல வருஷம் பலன் தரும். ஆனால் இடத்தை அடைக்கும். இடம் குறைந்தவர்க்கு, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ஆம் வருஷம் வெளிவந்த பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை ஏற்றது. விதையினின்று முளைத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

கத்தரியில் அந்தந்த ஊரில் வழங்கும் ரகத்தை எளிதில் கைவிடலாகாது. வேலூர்ப் பக்கத்து முள்ளுக்கத்தரி 2023-ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்றது அதன் தனிச்சிறப்பினாலேயே. வீரிய ஒட்டு ரகங்கள் மிகுதியாகக் காய்க்கலாம். எனினும் அவற்றின் விதையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடியைப் போன்ற செடிகள் ஒருசீராக வாரா. ஆதலால் வருஷந்தோறும் விதைக்குக் காசு கொடுக்க நேரும்.

பூச்செடிகளில் கனகாம்பரத்தைப் பெண்டிர் பெரிதும் விரும்புவர். ஆனால் வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழு அதனையும் கத்தரி, தக்காளியையும் ஒருங்கே தாக்குவதாகலின், இவற்றை ஒரே பாத்தியில் மாறிமாறி நடுவது அப்புழுவுக்கு விருந்திடுவதாகும். கத்தரிக்கு அருகில் செண்டுமல்லியை நடுக. அதன் வேர் அப்புழுக்களைக் குறைக்கும். பூவும் பூஜைக்கு உதவும்.

சுரை விதையைப் பற்றி முக்கியமாகக் கவனிக்கவேண்டும். சுரையில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே உள. கசப்புச் சுரையின் மகரந்தம் பூச்சிகளால் நற்சுரைக்கு வந்து சேருமாயின், அக்காயின் ருசி மாறாது. அதன் விதையில் முளைத்த கொடியின் காய் கசக்கக் கூடும். கசக்கும் சுரையை உண்டு வாந்தியும் பேதியும் கண்டு உயிருக்கு அபாயம் நேர்ந்ததுமுண்டு. வேகவைத்தாலும் அவ்விஷம் நீங்குமென்று நம்பலாகாது. சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடவேண்டும்.

விதைக்கென விடும் காயை இவ்வாறு காக்கலாம். சுரைப்பூ மாலையில் மலர்வது. அன்று மலரவிருக்கும் பெண்மொக்கை, அதாவது அடியில் சிறு பிஞ்சுடையதை, பிற்பகலிலேயே மெல்லிய துணியால் மூடிக் கட்டுக. அதே ரகத்து ஆண்மொக்கு ஒன்றையும் அவ்வாறே கட்டுக. மலர்ந்தபின் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவி, மீண்டும் கட்டி அடையாளமிடுக. காய் கொடியிலேயே முற்றி உலரவேண்டும். ஒரு முற்றிய காயில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்குமாதலால், அங்கத்தினருள் ஒருவர் இதனைச் செய்தால் சங்கத்தார் பலருக்கும் போதும்.