சிலம்பமும் காயோத்சர்க்கமும்

சென்ற கோடை விடுமுறையில் நடைபெற்ற சமய வகுப்பின் இறுதி நாளன்று ஒரு தாய் நம்மை அணுகினார். அவர்தம் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதி முடித்தவன். தேர்வு முடிந்து வாரங்கள் பல சென்ற பின்னரும் அவனுக்கு இரவில் நல்லுறக்கம் இல்லை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். சிறு சொல்லுக்கும் சீறுகிறான். மருத்துவர் சோதித்துப் பார்த்து உடலில் நோய் ஏதுமில்லை என்றும், நாள்தோறும் உடல் வியர்க்க ஏதேனும் பயிற்சி செய்யட்டும் என்றும் கூறியிருக்கிறார். பையனோ சிலம்பம் கற்க ஆசைப்படுகிறான். "கொல்லாமையை உயிராகக் கொண்ட குடும்பத்துப் பிள்ளை கம்பெடுத்துச் சுழற்றலாமா ஐயா? பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்" என்று அந்த அம்மையார் வினவினார். அன்று நாம் இரண்டு வார்த்தைகளில் விடையளித்து அனுப்பிவிட்டோம். அது போதாது என்பது வீடு திரும்பிய பின்னரே நமக்குத் தோன்றியது. ஆதலின் இவ்விதழின் பாடமாக அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

மன இறுக்கம் என்று இன்று சொல்லப்படுவது நம் ஆகமங்களுக்குப் புதியதன்று. தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காக வகுத்த நம் ஆசாரியர்கள், முதலாவதான ஆர்த்த தியானத்தையும் நான்காகப் பிரித்துக் காட்டினர். வேண்டாதது வந்து சேர்ந்ததே என்று ஓயாது எண்ணுதல், வேண்டியது பிரிந்ததே என்று எண்ணுதல், உடல் நோவையே எண்ணிக் கிடத்தல், இனி வரவேண்டிய பயனை எண்ணி ஏங்குதல் என்பன அவை. மதிப்பெண்ணை எண்ணி ஏங்கும் மாணவனும், மேலதிகாரியின் சொல்லை இரவெல்லாம் அசைபோடும் அலுவலரும், வெளிநாடு சென்ற மகனை நினைந்து உறங்காத தாயும் இந்நான்கனுள் ஒன்றில் அமர்ந்திருக்கிறார்கள். இதனையும் தியானம் என்றே பெயரிட்டது கருதத்தக்கது. மனம் ஒன்றிலேயே குவிந்திருக்கிறது. ஆனால் குவிய வேண்டாத இடத்தில் குவிந்திருக்கிறது.

இனி, இவ்விறுக்கம் உடலில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஆபத்து எதிர்ப்படும்போது, எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. பாம்பைக் கண்டவன் ஓடிவிடுகிறான். முறுக்கேறிய தசை வேலை செய்து தளர்கிறது. தேர்வறையில் இருப்பவன் எங்கே ஓடுவது? மேலதிகாரியின் எதிரில் நிற்பவர் யாரை எதிர்ப்பது? ஆயத்தம் மட்டும் நடைபெறுகிறது, செயல் நடைபெறுவதில்லை. ஏறிய முறுக்கு தாடையிலும் பிடரியிலும் தோளிலும் தங்கிவிடுகிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழின் தலைவலி, கழுத்துவலி, உறக்கமின்மை எனப் பல தொல்லைகள் தொடர்கின்றன. உடலை நன்கு இயக்குவதால் அந்த ஆயத்தத்திற்கு உரிய செயல் கிடைத்துவிடுகிறது. உடற்பயிற்சி மனத்தை எளிதாக்குவதற்குரிய காரணங்களுள் இது ஒன்று. நெடுநாட்பட்ட பயிற்சியால் இதயம் வலுப்பெறுவதும், உறக்கம் ஆழ்வதும் ஏனையவை.

"உடல் வேறு, உயிர் வேறு என்று கூறும் நம் சமயத்தில் உடலைப் பேணுவது எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. தத்துவார்த்த சூத்திரம் ஒன்பதாம் அத்தியாயத்தில் தியானத்திற்கு இலக்கணம் கூறுமிடத்தை அவர்கள் மீண்டும் ஒருமுறை பார்த்தல் நலம். உத்தம சம்ஹனனம் உடையவனுக்கே, அதாவது எலும்பும் மூட்டும் உறுதியாக அமைந்த உடலுடையவனுக்கே, ஒருமுகப்பட்ட தியானம் அந்தர்முகூர்த்தம் வரை நிலைக்கும் என்பது அங்கே சொல்லப்படும் பொருள். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். அதற்கு உட்பட்டதே அந்தர்முகூர்த்தம். உடலுறுதி இன்றேல் மனவுறுதியும் நெடுநேரம் நில்லாது என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது. சாமாயிகத்தில் அமர்ந்த பத்தாம் நிமிடத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு நெளியும் நம்மவர் பலர். குறை பக்தியில் இல்லை. இடுப்பிலும் தொடையிலும் உள்ள தசைகள் நீட்சியின்றிக் கட்டையாகிவிட்டன.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். ஹிம்சையை ஆரம்பி, உத்யோகி, விரோதி, சங்கல்பி என நான்காக வகுப்பது நம் மரபு. சமையல் முதலிய வீட்டு வேலைகளிலும், உழவு முதலிய தொழில்களிலும், தன்னையும் பிறரையும் காக்கும்போதும் நேரிடுவன முதல் மூன்று. இல்லறத்தான் அவற்றை இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டியவன். கொல்ல வேண்டும், வருத்த வேண்டும் என்று கருதிச் செய்யும் சங்கல்பி ஹிம்சையை மட்டும் அவன் முற்றும் விலக்கியே ஆகவேண்டும். சிலம்பக் களத்தில் இரு சிறுவர் கம்பொடு கம்பு தட்டிப் பழகுவதில் அக்கருத்து இல்லை. ஆனால் வகுப்பில் தன்னைக் கேலி செய்தவனை ஒருநாள் அடித்து வீழ்த்துவதற்காகக் கற்கிறேன் என்று ஒருவன் எண்ணுவானாயின், கம்பு அவன் கையில் படுவதற்கு முன்பே அது ரௌத்திர தியானம் ஆகிவிடும். ஆகவே பெரியவர்கள் ஆராய வேண்டியது கம்பை அன்று. பிள்ளை எதற்காகக் கற்க விரும்புகிறான் என்பதை. அதனை அவனோடு அமர்ந்து கேட்டாலே தெரிந்துவிடும்.

ஸ்ரீபுராணத்தில் பரத, பாகுபலி சரிதத்தைப் படிக்காத தமிழ்ச் சமணக் குடும்பம் இராது. இரு படைகளும் எதிரெதிரே நின்றபோது, வீணே உயிர்ச்சேதம் வேண்டாவென்று அமைச்சர்கள் இடைப்பட்டனர்; சகோதரர் இருவரும் திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்யுத்தம் ஆகிய மூன்றில் மட்டும் தம்முள் பொருதனர். மூன்றிலும் வென்றவர் பாகுபலி. அண்ணனைத் தரையில் மோதாமல் தோளளவு தூக்கிய அந்தக் கைகளே பின்னர் எல்லாம் துறந்து, இருபுறமும் தொங்கவிடப்பட்டவாறு ஓராண்டுக் காலம் அசையாதிருந்தன. கொடிகள் அவற்றைச் சுற்றிப் படர்ந்தன. சிரவணபெளகுளத்தில் சுமார் 57 அடி உயரத்தில் நாம் தரிசிப்பது அந்நிலையைத்தான். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனை எழுப்புவித்த சாமுண்டராயரும் கங்கர்களின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர். வலிமையைக் கற்றவர் நம் மரபுக்கு அந்நியர் அல்லர் என்பதற்கு இவ்வளவு போதும்.

சிலம்பத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். கற்பவரின் நெற்றியளவு உயரமுள்ள மூங்கில் கம்பு ஒன்றே இதற்குரிய கருவி. குத்துச்சண்டையில் போல் தோலுறை வேண்டுவதில்லை. தோற்பொருளை விலக்கும் நம்மவர்க்கு இது ஒரு வசதி. ஆசான் முதலில் காலடி வரிசைகளையே கற்பிப்பார். முன்வைத்த காலைப் பின்வாங்குதல், திரும்புதல், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுதல் ஆகியவை நன்கு படிந்த பின்னரே சுழற்சியும் வீச்சும் தொடங்கும். கம்பு தலைக்கு மேலும் தோளின் இருபுறமும் மாறி மாறிச் சுழலும்போது மனம் தேர்வுத்தாளை நினைக்க இயலாது. நினைத்தால் கம்பு தன் முழங்காலையே வந்து தட்டும்! ஆர்த்த தியானத்தில் உழன்ற மனத்திற்கு அரைமணி நேர விடுதலை இதனால் கிடைக்கிறது. மடங்கியிருந்த தோள்மூட்டும் மணிக்கட்டும் முதுகும் முழு அளவில் இயங்குகின்றன. பெண் பிள்ளைகளும் கற்கலாம், கற்று வருகின்றனர். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டதும் பலரை இதன்பால் ஈர்த்துள்ளது. பதக்கத்திற்காகவே பிள்ளையை நெருக்கும் பெற்றோரிடம் நமக்கு உடன்பாடில்லை. ஓர் இறுக்கத்தைக் கழற்ற வந்த இடத்தில் மற்றோர் இறுக்கத்தை ஏன் மாட்ட வேண்டும்?

களத்தைப் பற்றி ஒரு சொல். மழைக்காலத்தில் மண்தரையில் எறும்பும் புழுவும் மிகும். பயிற்சிக்கு முன் தரையைப் பார்த்து, மெல்லிய துடைப்பத்தால் மெதுவாக ஒதுக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். ஈரம் மிக்க நாளில் கல் பாவிய முற்றமோ மொட்டை மாடியோ ஏற்றது.

சிலம்பம் கற்பிப்போர் இல்லாத ஊரினரும் வயது முதிர்ந்தோரும் விரைந்த நடையையும் உடலை நீட்டும் பயிற்சிகளையும் மேற்கொள்ளலாம். வயதுவந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கமும், 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் அளித்த பரிந்துரை. நீட்டும் பயிற்சியைச் சற்று நடந்து உடல் சூடேறிய பின்னரே செய்தல் வேண்டும். இழுப்பு உணரப்படும் இடம்வரை மெல்லச் சென்று, 15 முதல் 30 விநாடி அங்கேயே நின்று மீள வேண்டும். குதித்துக் குதித்து இழுத்தலும், வலி தோன்றிய பின்னும் இழுத்தலும், மூச்சை அடக்கிக்கொள்ளுதலும் கூடா. இரத்த அழுத்தமும் இதயநோயும் உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

உடல் உழைத்தபின் அதனைத் தளர்த்தக் கற்க வேண்டும். இங்கேதான் நம் முன்னோர் தந்த செல்வம் இருக்கிறது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர், தசையை இறுக்கிப் பின் தளர்த்திப் பழகுவதால் மனத்தின் பதற்றம் தணியும் என்னும் முறையை 1929இல் நூலாக வெளியிட்டார். இன்றும் மனநல மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மூலாசாரத்தில் காயோத்சர்க்கத்திற்குரிய 32 குற்றங்களின் பட்டியல் உள்ளது. இதனை நாம் சடங்கு விதியாக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். இறுக்கம் உடலில் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று காட்டும் வரைபடமாகப் படித்தால் வியப்பு மேலிடும்.

கடிவாளம் பூண்ட குதிரைபோல் பல்லைக் கடித்து நிற்றல் ஒரு குற்றம். அதற்குக் கலீனம் என்று பெயர். அந்தப் பையனின் நோயே அதுதான். விளாம்பழத்தைப் பிடித்தாற்போல் கையை மூடிக்கொள்ளுதல் கபித்தம். நுகத்தடி பூட்டிய எருதுபோல் கழுத்தை முன்னே நீட்டுதல் யுகம். கைப்பேசியும் கணினியும் பார்ப்போரெல்லாம் இன்று இக்குற்றத்திற்கு ஆளானவர்களே. புருவத்தை நெரித்தல் புரூவிகாரம். காக்கைபோல் பக்கப் பார்வை பார்த்தல் வாயசம். தூணில் சாய்தல் ஸ்தம்பம். சுவரில் சாய்தல் குட்யம். கொடிபோல் அசைதல் லதை. தாடை, விரல், பிடரி, புருவம், விழி என இறுக்கம் தங்கும் இடங்களை முனிவர்கள் எத்துணை நுட்பமாக நோக்கியிருக்கிறார்கள்!

செய்முறை எளிது. பாதங்களிடையே நான்கு அங்குல இடைவெளி விட்டு நேராக நில்லுங்கள். கைகள் தாமே தொங்கட்டும். பழக்கமில்லாதோர் முதலில் முட்டிகளை ஐந்து விநாடி இறுக மூடிப் பின் விடுக. தோள்களைக் காதளவு உயர்த்தி விடுக. பல்லை ஒருமுறை கடித்து விடுக. இறுக்கம் எது, தளர்ச்சி எது என்பதை உடல் அறிந்துகொள்ளும். பின்னர்ப் பஞ்ச நமஸ்காரத்தை மூன்று மூச்சில் ஒருமுறையாக மனத்துள் உச்சரிக்கவும். ஒன்பது முறைக்கு 27 மூச்சு. முதற்பதத்திற்கு மூச்சு உள்ளே, இரண்டாம் பதத்திற்கு வெளியே. மூன்றாவதற்கு உள்ளே, நான்காவதற்கு வெளியே. ஐந்தாவதைப் பிரித்து ஒரு மூச்சு. வெளிவிடும் மூச்சு சற்று நீளுமாறு மெதுவாகச் செய்தால் நான்கைந்து நிமிடமாகும். நீண்ட வெளிமூச்சால் இதயத்துடிப்பு தணிகிறது என்பது உடலியலார் அறிந்த உண்மை. நாமோ ஒன்பதையும் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த பூசைக்கு விரைகிறோம்.

நேரத்தைப் பொறுத்தவரை காலையே சிறந்தது. மாலையில் பயில்வோர் பொழுது சாயுமுன் உணவை முடிக்க வேண்டியிருப்பதால், பயிற்சியை உணவுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். உண்டவுடன் கம்பெடுத்தல் ஆகாது. அட்டமி, சதுர்த்தசி உபவாச நாட்களில், அதிலும் நீரும் அருந்தாத நாளில், கடும்பயிற்சியை நிறுத்திவிட்டு மெல்லிய நீட்டலும் காயோத்சர்க்கமும் செய்தால் போதும். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கப்படும் சத்துமாவுகளில் முட்டை கலந்திருக்கக்கூடும். மாத்திரை உறைகள் விலங்குப் பொருளால் ஆனவையாக இருக்கலாம். பொட்டலத்தைப் படித்துப் பாராமல் வாங்க வேண்டாம்.

எல்லா மனத்துயரும் பயிற்சியால் தீரும் என்று நாம் கூறமாட்டோம். வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி இருத்தல், உண்ணாமை, வாழ்வே வேண்டாமெனப் பேசுதல் ஆகியவை காணப்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்கக்கூடாது. அரசின் டெலிமானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று காலம் கடத்துவதால் கேடு மிகும்.

அம்மையாரின் மகன் இப்போது சிலம்பம் கற்கிறான். அவனோடு நம் சிறுவர் சிலரும் சேர்ந்துள்ளனர். பயிற்சியின் முடிவில் அனைவரும் ஒன்பது நமஸ்காரம் காயோத்சர்க்கத்தில் நிற்பது என்று ஏற்பாடு. முதல் வாரத்தில் பிள்ளைகள் எல்லோரும் களைப்பால் கம்பை ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றார்கள். ஸ்தம்பக் குற்றம்! இப்போது கம்புகளைத் தரையில் கிடத்திவிட்ட பின்னரே முதல் மூச்சு தொடங்குகிறது.