விதையில் பிறக்கும் ரோஸ்மேரி

அன்புள்ள தம்பிக்கு,

ரோஸ்மேரி ரகங்கள் பலவற்றை விதையிலிருந்தே வளர்த்தெடுக்க விரும்பும் தம்பி முதலில் தெளிய வேண்டியது, ரகத்தின் பெயர் விதையோடு வருவதில்லை என்பதே. மத்தியதரைக் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்டதும், 2017இல் சால்வியா பேரினத்தோடு இணைக்கப்பட்டு சால்வியா ரோஸ்மரினஸ் எனப் பெயர் மாறியதுமான இச்செடியில், தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டு சேர்ப்பதால், ஒரே தாயின் விதைகளும் பல விதமான செடிகளைத் தருகின்றன. நிமிர்ந்து வளரும் 'டஸ்கன் புளூ', இளஞ்சிவப்பாகப் பூக்கும் 'மஜோர்க்கா பிங்க்', டெக்சாஸின் ஆர்ப் என்னும் சிற்றூரில் 1972இல் மேடலின் ஹில் கண்டெடுத்த, கடுங்குளிர் தாங்கும் 'ஆர்ப்' ஆகியவை தண்டுத்துண்டு நட்டே பெருக்கப்படுகின்றன. அப்பெயர்களை அச்சிட்ட விதைப் பொட்டலத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

தாய்ச்செடி மெய்யான ரோஸ்மேரிதானா என்பதையும் பார்த்தறிதல் வேண்டும். கடலோர ரோஸ்மேரி என்று வழங்கும் ஆஸ்திரேலிய வெஸ்ட்ரிஞ்சியாவில் கணுவைச் சுற்றி மூன்று நான்கு இலைகள் அமைந்திருக்கும். கசக்கினாலும் ரோஸ்மேரியின் மணம் எழாது. ரோஸ்மேரியிலோ இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக நின்று, விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்புறம் வெண்மையான நுண்மயிர் அடர்ந்து காணப்படும்.

பூ உதிர்ந்தபின் காய்ந்து நிற்கும் புல்லி வட்டத்துக்குள், அதாவது பூவின் அடிக்கிண்ணத்துக்குள், நான்கு வரையிலான பழுப்பு நிற விதைகள் இருக்கும். நன்றாக முற்றியவற்றையே சேகரிக்க வேண்டும். முளைப்புத்திறன் இயல்பாகவே குறைவு என்பதால், தேவைக்குப் பலமடங்கு விதைப்பதே அறிவுடைமை. மணல் கலந்து நீர் தேங்காதபடி அமைத்த கலவையின் மேல் விதைகளைத் தூவி, வெளிச்சம் படும்படி மிக மெல்லிய மண்போர்வை மட்டும் இட்டு, 20 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால், இரண்டு மூன்று வாரங்களிலோ அதற்கும் வெகுநாள் கழித்தோ ஒழுங்கின்றி முளைவிடும். ஆகவே ஒரு மாதம் கழிந்ததென்று தட்டைக் கொட்டிவிடலாகாது. மிகை ஈரத்தால் தண்டு அடியோடு சரியும் நாற்றழுகல் நோயே இளம் நாற்றுகளுக்குப் பெரும்பகை. மேல்மண் சற்று உலர்ந்தபின்தான் அடுத்த நீர்.

நாற்றுகள் தேறியபின் தொடங்கும் பணியே இம்முயற்சியின் சிறந்த பகுதி. நிமிர்வதா படர்வதா என்னும் வளர்நிலை, இலையின் அகலம், மணம் கற்பூரத்தை ஒத்ததா பைன் மரத்தை ஒத்ததா என்னும் வேறுபாடு ஆகியவற்றைப் பருவந்தோறும் குறித்துவர வேண்டும். பூநிறம் தெரியப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுக்குமேல் காத்திருக்க நேரும். அவசரத்தில் பிடுங்கி எறிந்த நாற்று எப்படிப் பூத்திருக்கும் என்பதை எவரும் அறியவியலாது. சிறந்தது எனத் தேர்ந்த செடியிலிருந்து, பூக்காத இளந்தண்டை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, கீழிலைகளை நீக்கி மணலில் ஊன்றினால், அதே இயல்புடைய செடிகள் கிடைக்கும்; அவற்றுக்குத் தாயின் ரகப்பெயரைச் சூட்டாமல், விதை எடுத்த செடியும் விதைத்த நாளும் குறித்த தனி அடையாளச் சீட்டைக் கட்டுதல் வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா